உ என்னும் வாடிக்கையாளர்

எனக்குக் கோபம் வரும் என்று சொந்தத்தில் எல்லாரும் சொல்வார்கள். வந்து போகிற கோபமென்றால் பரவாயில்லை, என்னுடையது என்னோடேயே குடியிருக்கிறது. அந்தக் கோபத்தில்தான் ஆங் மோ கியோ வட்டாரத்தில் மச்சானுடைய ஆபிஸ் வேலையை உதறிவிட்டு வந்தேன். மச்சான் என்றால் என் லாத்தா, அதாவது அக்கா, யும்னாவின் மாப்பிள்ளை, அப்துல் அலீம். சின்னச் சின்னக் கடைகளுக்குக் கணக்குப் பார்த்துக் கொடுக்கும் ஆபிஸ் வைத்திருக்கிறார்.

சண்டை எதற்கென்று கேட்டால் சிரிப்பீர்கள். எந்த ஃபைலைத் திறந்தாலும் முதல் வரியில் 786 என்று போடாமல் என் கை இரண்டாவது வரிக்கு இறங்காது. பிஸ்மில்லாவுக்குப் பதிலாக நம்மவர்கள் தாளின் தலையில் எழுதுகிற எண். வாப்பா எழுதுவார், நானும் எழுதுகிறேன். மச்சானுக்கு அது பிடிக்காது.

"மைமூன், இது எக்செல். மெஷினுக்கு நம்ம பழக்கமெல்லாம் தெரியாது. ஒரு நாள் இந்த நம்பர் எல்லாத்தையும் குட்டிச்சுவராக்கப் போவுது, பாரு," என்பார். ஒரு வெள்ளிக்கிழமை நான் லீவில் இருந்தபோது, ஆபிஸிலுள்ள எல்லா ஃபைலிலிருந்தும் அந்த முதல் வரியை அழித்தே விட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை!

"இனி இந்த ஆபிஸ் வாசல மிதிச்சா என் பேரு மைமூன் இல்ல," என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். தனியாகக் கணக்கு ஆபிஸ் தொடங்கப் போகிறேன் என்றும் சொன்னேன். அதை வாசலைத் தாண்டும்போதுதான் முடிவு செய்தேன்.

மச்சான் எழுந்துகூட வரவில்லை. "ஒரு கிளையன்ட் பிடி, பார்ப்போம். பிடிக்க முடியலன்னா வந்துடு. உன் மேசை அப்படியே இருக்கும்," என்றார். அந்த "வந்துடு" இருக்கிறதே, அதுதான் என் வயிற்றில் நெருப்பை அள்ளிக் கொட்டியது.

கிளையன்ட் கிடைத்தார். ஒரே ஒருவர். பஃபலோ ரோட்டில் வாழையிலைக் கடை வைத்திருக்கும் பேரின்பநாயகம் அங்கிள். பூர்வீகம் யாழ்ப்பாணம். துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றபின் மாமனாரின் கடையை எடுத்து நடத்துகிறார். இங்கேயே பிறந்து வளர்ந்தவர் என்றாலும் வீட்டுப் பேச்சை விடவில்லை.

அவருக்கு ஒரு பெரிய ஆர்டர் வருவதாக இருந்தது. சாங்கியில் விமானங்களுக்குச் சாப்பாடு செய்து கொடுக்கும் ஒரு கம்பெனி, தட்டில் விரிப்பதற்கு வட்டமாக வெட்டிய வாழையிலை கேட்டிருந்தது. ஒரே ஒரு நிபந்தனை. கடைக்கணக்கு இணையக் கணக்கு மென்பொருளில் இருக்க வேண்டும், அவர்களுடைய கணினி அதற்குள் நேராக எட்டிப் பார்க்கும்.

"உந்த ஓர்டர் வந்தால் இனி வருசாவருசம் கணக்கெல்லாம் உங்களிட்டத்தான், பிள்ளை," என்றார் அங்கிள். "வராட்டில் கடையைப் பூட்டிப்போட்டு நான் வீட்டிலை இருக்கப்போறன். மார்க்கெட்டிலை இப்ப ஆர் இலை வாங்கினம்? பிளாஸ்டிக்கிலையே இலை மாதிரிச் செய்து போட்டாங்கள்."

கடையைப் பூட்டினால் எனக்கு ஆங் மோ கியோதான். மச்சான் எழுந்து நின்று நாற்காலியை இழுத்துப் போடுவார். நினைக்கும்போதே பல்லைக் கடித்தேன்.

அங்கிளின் எக்செலைப் பார்த்தபோது எனக்குத் தலை சுற்றியது. மாதத்துக்கு ஒரு தாள். ஒவ்வொரு தாளின் தலையிலும் முதல் கட்டத்தில் "உ" என்று பிள்ளையார் சுழி. சரி, அது இருந்துவிட்டுப் போகட்டும். அந்தச் சுழிக்குக் கீழே, மேலிருந்து கீழாக அந்த வரிசை முழுவதும் காலி. சாப்பாட்டுக் கடைகளின் பெயரெல்லாம் அடுத்த வரிசையில் தள்ளி இருந்தன.

"ஏன் அங்கிள் இந்த வரிசைய விட்டுட்டீங்க?"

"பிள்ளையாருக்கு நேர் கீழை மனுசன்ரை பேரை எழுதுறதோ? அவரின்ரை காலடி, கண்டியளோ."

எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. என்னுடைய ஃபைலைத் திறந்து, அங்கிளின் தாள்களை அப்படியே எடுத்து அதில் ஒட்டி, மென்பொருளில் ஏற்றினேன். அது என்னென்னவோ கேட்டது. தேதி எந்த வரிசை, தொகை எந்த வரிசை, எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னேன். கடைசிக் கேள்வி வந்தபோது சரியாக மச்சானிடமிருந்து வாட்ஸப் வந்தது. "என்ன, கிளையன்ட் கிடைச்சாச்சா லா?" பக்கத்தில் சிரிக்கிற மஞ்சள் மூஞ்சி வேறு. வந்த ஆத்திரத்தில் கேள்வியைப் படிக்காமல் "ஆம்" என்று அழுத்திவிட்டேன்.

அந்தக் கேள்வி என்ன என்பதைப் பிறகு தேடிப் படித்தேன். "சில கட்டங்கள் காலியாக உள்ளன. மேலே உள்ளவரேதானா கீழே உள்ளவர்களும்?"

மென்பொருள் சுற்றியது, சுற்றியது, பிறகு திரை முழுக்க வண்ணக் காகிதம் தூவி வாழ்த்துச் சொன்னது. "உங்கள் வாடிக்கையாளர் பதிவாகிவிட்டார்!" வாடிக்கையாளர்கள் அல்ல, வாடிக்கையாளர். எல்லா வருடத்து எல்லா இலையையும் ஒரே ஆள் வாங்கியிருக்கிறார். அவர் பெயர் உ. ஜூரோங் தொழிலாளர் விடுதிச் சமையல்காரர், பஃபலோ ரோட்டுச் சாப்பாட்டுக் கடைக்காரர், கல்யாணச் சமையல் தனசேகரன், எல்லாரும் அவர் பெயருக்குப் பக்கத்தில் வெறும் குறிப்பாகக் கிடந்தார்கள்.

ஏற்றியதைத் திரும்ப இறக்கலாம் என்று பார்த்தால், சாங்கிக் கணினி அதற்குள் எட்டிப் பார்த்துவிட்டதாம். அவர்கள் பார்த்ததை இனி மாற்ற முடியாதாம். வாடிக்கையாளரை நீக்கினால் மட்டும் எல்லாவற்றையும் மறுபடி ஏற்றலாம். சரி, நீக்குவோம் என்று அழுத்தப் போனேன். பின்னாலிருந்து அங்கிள் கத்தினார்.

"ஐயோ பிள்ளை! என்ன செய்யிறியள்?"

திரையில் பெரிய எழுத்தில் இருந்தது: "உ என்பவரை நிரந்தரமாக அழிக்கவா?"

"அங்கிள், இது வெறும் எழுத்து. அழிச்சுட்டு ஒழுங்கா ஏத்திடலாம்."

"வெறும் எழுத்தோ? எங்கடை மாமா இந்தச் சுழி போடாமல் ஒரு கடுதாசி தொட்டதில்லை. அதை என்ரை கடைக்குள்ளை வைச்சு நிரந்தரமா அழிக்கிறதோ? ஏலாது."

"சரி, மறைச்சு வைக்கலாம். அப்படியும் ஒண்ணு இருக்கு."

"பிள்ளையாரை ஒளிச்சு வைக்கப் போறியளோ?"

"அப்போ வேற வாடிக்கையாளரோட சேர்த்துடலாம். தனசேகரன் பேர்ல சேர்த்துடவா?"

அங்கிள் கொஞ்சம் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். பிறகு தலையை ஆட்டினார். "தனசேகரன் கோழி, ஆடு எல்லாம் சமைக்கிறவர். அவரோடை எப்பிடிச் சேர்க்கிறது?"

நான் கையிலிருந்த பேனாவை மேசையில் எறிந்தேன். அது உருண்டு இலைக்கட்டுக்குள் போய் விழுந்தது. படித்த மனிதர், குமாஸ்தாவாக இருந்தவர், ஒரு எழுத்துக்காக என் பிழைப்பில் மண் அள்ளிப் போடுகிறாரே என்று இருந்தது. "நாளும் கிழமையும் பார்த்துச் சுழி போடுங்க, வேணாங்கல. மெஷினுக்கு இதெல்லாம் தெரியாது அங்கிள்!" என்று கத்தினேன். சொல்லி முடித்தபிறகு அந்த வாக்கியத்தை எங்கேயோ கேட்டமாதிரி இருந்தது. யார் சொன்னது என்று நினைத்துப் பார்க்க எனக்கு நேரமில்லை.

ஏனென்றால் சாங்கிக் கம்பெனியிலிருந்து மின்னஞ்சல் வந்துவிட்டது. செரில் ஓங் என்பவள் எழுதியிருந்தாள். "உங்கள் வியாபாரம் முழுவதும் ஒரே வாடிக்கையாளரை நம்பி இருப்பதைக் கவனித்தோம். அவர் வாங்குவதை நிறுத்தினால் உங்கள் கடை நிற்குமா என்று எங்களுக்குத் தெரிய வேண்டும். வியாழக்கிழமை கடைக்கு வருகிறேன். அவரையும் சந்திக்க விரும்புகிறேன்."

அங்கிள் அதை வாசித்துவிட்டு, "அவர் நிப்பாட்டினால் கடை நிக்காதுதான்," என்றார். பக்தியோடு சொன்னார். எனக்கு அழுகை வந்தது.

வியாழக்கிழமை காலை ஒரு முடிவோடு போனேன். அங்கிள் தேநீர் குடிக்கத் தேக்கா மார்க்கெட் பக்கம் போகிற நேரத்தில் அந்த உ-வை நீக்கிவிடுவது. பாவமோ புண்ணியமோ, செரில் வருவதற்குள் மற்றவர்களை ஏற்றிவிட்டால் ஆர்டர் தப்பும், நானும் தப்புவேன். அங்கிள் போனதும் கணினியைத் திறந்தேன். வாடிக்கையாளர் பக்கம், நீக்கு, அழுத்தினேன். கேள்வி வந்தது. இந்த முறை மேலே இருந்த சின்ன எழுத்தையும் சேர்த்து, ஒரு சொல் விடாமல் படித்தேன்.

"வாடிக்கையாளர் எண் 786, பெயர் உ. இவரை நிரந்தரமாக அழிக்கவா?"

யா அல்லாஹ்!

என் ஃபைலின் முதல் கட்டத்தில் நான் 786 போட்டிருந்தேன். அங்கிளின் தாளை அதற்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தேன். என்னுடையதை எண் என்றும் அவருடையதைப் பெயர் என்றும் மெஷின் எடுத்துக்கொண்டு, இரண்டையும் சேர்த்து ஒரே ஆளாக ஆக்கிவிட்டது. அங்கிளின் சுழி மட்டும் செய்த வேலையில்லை இது. மச்சான் சொன்னாரே, ஒரு நாள் இந்த நம்பர் எல்லாத்தையும் குட்டிச்சுவராக்கும் என்று, அந்த நாள் இதுதான்.

அழி, மைமூன், அழி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். விரல் இறங்கவே மாட்டேன் என்றது. அழித்தால் மச்சான் என் ஃபைல்களில் செய்ததைத்தான் நானும் செய்தவளாவேன். இதற்காகத்தானே வேலையை விட்டேன்? அழிக்காவிட்டால் நாளைக்கே அந்த மேசையில் போய் உட்கார வேண்டும். இரண்டு பக்கமும் மச்சான்தான் நின்றுகொண்டிருந்தார்.

"ஹலோ, வாழையிலைக் கடை இதுதானே?"

செரில் ஓங் வந்துவிட்டாள். கையில் ஒரு ஐபேட், காலில் வெள்ளைச் சப்பாத்து, இலைத்தண்ணீரைப் பார்த்துப் பார்த்து மிதித்து உள்ளே வந்தாள். அங்கிளும் பின்னாலேயே வந்து சேர்ந்தார். அவள் ஆங்கிலத்தில்தான் பேசினாள். எனக்குத் தமிழில் சொன்னால்தான் மனசு ஆறும்.

"உங்க பெரிய கஸ்டமரப் பார்க்கலாமா?"

நான் முந்திக்கொண்டேன். "மிஸ் ஓங், உண்மையச் சொல்லிடுறேன். அது கஸ்டமர் இல்ல. கடவுள்."

அவள் ஐபேடைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ஃபார்ம்ல மூணுதான் இருக்கு லா. தனிநபர், கம்பெனி, உறவுள்ள தரப்பு. கடவுள்னு இல்ல. அவர் எங்க இருக்கார்?"

"இங்கைதான்," என்று அங்கிள் தராசுக்கு மேலே கையைக் காட்டினார். பிள்ளையார் படம். படத்துக்கு முன்னால் காலையில் வைத்த இலை, அதன்மேல் ஒரு செம்பருத்தி. பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர், என்ன செய்வது.

"ஓ, இங்கேயே தங்கியிருக்காரா? எவ்வளவு காலமா?"

"என்ரை மாமா கடை திறக்க முதலே."

"தினமும் இலை எடுக்கிறாரா?"

"ஓம். முதல் இலை அவருக்குத்தான். பிறகுதான் மற்றாக்களுக்கு."

"பணம் ஒழுங்கா தர்றாரா?"

அங்கிள் ஒரு பெருமூச்சு விட்டார். "தருவார். அவருக்கு எப்பத் தோணுதோ அப்பத் தருவார்."

செரில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். "கடைக்குள்ளேயே தங்கியிருக்கார், கடன்ல வாங்குறார். அப்படின்னா உறவுள்ள தரப்பு," என்று ஒரு கட்டத்தில் சரி போட்டாள். பிறகு திரையை என் பக்கம் திருப்பினாள். "இந்தக் குறிப்புல இருக்கிற பேரெல்லாம் யார்? ஜூரோங், தனசேகரன்... அவரோட கிளைகளா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அங்கிள் ஆழமாக யோசித்துவிட்டு, "ஓம், எல்லாரும் அவரின்ரை கிளைதான்," என்றார்.

"அப்போ ரிஸ்க் பரவி இருக்கு. நல்லது." இன்னொரு சரி.

"மிஸ் ஓங்!" என்றேன். என் குரல் உயர்ந்துவிட்டது. "அந்தப் பேரெல்லாம்தான் நிஜக் கஸ்டமர்! இவர் சாமி! படம்! நான் ஏத்தும்போது தப்புப் பண்ணிட்டேன்!"

"டென்ஷன் ஆகாதீங்க," என்றாள் அவள் அன்பாக. "அவர் கையெழுத்து மட்டும் வேணும். இவ்வளவு வாங்கினேன்னு ஒப்புக்கொண்ட காகிதம் ஏதாவது இருக்கா?"

அவளே மேசையிலிருந்த பழைய பில்களைப் புரட்டினாள். ஒன்று, இரண்டு, பத்து. கை நின்றது. ஒவ்வொரு தாளின் தலையிலும் அங்கிளின் கையால் எழுதிய உ. ஐபேடில் இருந்த உ-வையும் தாளில் இருந்த உ-வையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

"எல்லாப் பக்கத்திலும் இனிஷியல் போட்டிருக்காரே! அதுவும் மேலேயே போட்டிருக்கார். எழுதுறதுக்கு முன்னாலேயே ஒப்புதல் வாங்கிடுவீங்களா?"

"அது இல்லாமல் நான் ஒண்டும் எழுதுறதில்லை," என்றார் அங்கிள்.

"எங்க கம்பெனியிலகூட இந்த ஒழுங்கு இல்ல," என்றாள் செரில். உண்மையாகவே அசந்துபோய்ச் சொன்னாள். "கடைசியா ஒண்ணு. இவருக்கு 786-ன்னு எண் இருக்கு. வேற யாருக்கும் இல்ல. யார் கொடுத்தது?"

"நான்தான்," என்றேன்.

அங்கிள் திரும்பி என்னைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். மறுபடியும் என்னைப் பார்த்தார். இத்தனை நாள் அவரை நான் போட்ட சத்தமெல்லாம் அவர் முகத்தில் ஓடியது. வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. "அப்ப நீங்களும் சுழி போடுற ஆள்தானோ, பிள்ளை?" என்று கேட்டுவிட்டு, வயிறு குலுங்கச் சிரித்தார்.

கணக்காளரைப் பற்றி முன்னாள் முதலாளியிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று செரிலின் ஃபார்மில் இருந்தது. முன்னாள் முதலாளி யார்? அதேதான். அவள் என் கண் முன்னாலேயே ஸ்பீக்கரில் போட்டு அழைத்தாள். முடிந்தது கதை என்று நான் இலைக்கட்டின்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

"மிஸ்டர் அலீம், மைமூன் ஒரு வாடிக்கையாளருக்கு 786-ன்னு எண் கொடுத்திருக்காங்க. இது அவங்க வழக்கமா?"

மச்சான் இப்போது சிரிப்பார், "நான் சொன்னேன்ல" என்பார் என்று காத்திருந்தேன்.

"வழக்கம்தான்," என்றார் மச்சான், தொண்டையைச் செருமிக்கொண்டு. "எந்த ஃபைலா இருந்தாலும் முதல்ல அதுதான். அந்த விசயத்துல ரொம்பக் கண்டிப்பு. வேற ஏதாவது கேக்கணுமா? எனக்கு இங்க கொஞ்சம் வேலை இருக்கு."

செரில் கடைசிச் சரியையும் போட்டாள். ஆர்டர் அங்கிளுக்கு! போகும்போது படத்தைப் பார்த்து லேசாகத் தலையைக் குனிந்து, "தேங்க் யூ சார்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று மாலை அஸர் தொழுதுவிட்டு எழுந்தபோது மச்சான் அழைத்தார்.

"மைமூன், அந்த முதல் வரிய அழிச்சேன்ல? அதுல எல்லாப் பேரும் ஒரு வரி மேல ஏறிடுச்சு, பில்லு பழைய வரியிலேயே நிக்குது. ஒருத்தர் பில்லு அடுத்தவருக்குப் போயிட்டிருக்கு. சலூன்காரருக்கு ஆட்டுக்கால் பில்லு போயிருக்கு. கறிக்கடை நூருல் அமீன், எனக்கு எதுக்குய்யா ஷாம்புன்னு காலையிலேர்ந்து வாசல்ல நின்னு சத்தம் போடுறாரு. எந்த வரி எங்க இருந்துச்சுன்னு உனக்குத்தான் தெரியும். வந்துடு, மைமூன்."

அதே "வந்துடு". ஆனால் இந்தத் தடவை கெஞ்சல். எனக்குப் பாவமாகவும் இருந்தது, குதிக்க வேண்டும்போலவும் இருந்தது.

"நான் அந்த வாசல மிதிக்க மாட்டேன்னு சொல்லியிருக்கேன் மச்சான். பேரை மாத்திக்க முடியுமா? நீங்க வாங்க. பஃபலோ ரோடு, வாழையிலைக் கடை. கிளையன்ட்டா வாங்க."

வந்தார். அங்கிள் அவருக்கு ஒரு பெட்டியைத் துடைத்துக் கவிழ்த்துப் போட்டார். நான் என் சொந்த ஆபிஸுக்கென்று புதிதாக ஒரு வாடிக்கையாளர் பட்டியல் திறந்தேன். முதல் வரியில் 786 போட்டேன். மச்சான் பார்த்தார், பெட்டியை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார். இரண்டாவது வரியில் பேரின்பநாயகம். மூன்றாவது வரியில் அப்துல் அலீம். அழுத்தியதும் மென்பொருள் அந்தப் பழைய கேள்வியைக் கேட்டது.

"சில கட்டங்கள் காலியாக உள்ளன. மேலே உள்ளவரேதானா கீழே உள்ளவர்களும்?"

"ஏதோ கேக்குது, ஆம்னு போட்டுட்டு வேலையப் பாரு மைமூன். நூருல் அமீன் காத்துட்டிருக்காரு," என்றார் மச்சான்.

நான் அவசரப்படவில்லை. கேள்வியைச் சத்தமாக, ஒவ்வொரு சொல்லாகப் படித்தேன். பிறகு "இல்லை" என்று அழுத்தினேன்.

"மேல இருக்கிறவர் நீங்க இல்ல, மச்சான்," என்றேன்.